மலையடிவாரம் நம் எல்லோருக்கும் முதுசம்

(மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் சில, வெருகல் முருகனையும் திருக்கோணேஸ்வரத்தையும் தரிசிக்க வந்த வழியில் கட்டைபறிச்சானில் ஒரு நாள் தங்கின. அன்று ஊரார் சார்பில் ஆற்றப்பட்ட உரை, யாத்திரைக்கு வர முடியாமற்போன ஏனைய குடும்பங்களும் வாசிப்பதற்காக இங்கே தரப்படுகிறது.)

 

இரத்தோட்டை, கம்மடுவை, எல்கடுவைப் பக்கத்திலிருந்து விடியுமுன்னே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளில் பலபேர் இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறார்கள் என்று சொன்னீர்கள். கடலைக் காட்ட எங்களுக்கும் ஆசைதான். அது பின்னேரம் ஆகட்டும். இப்போது கொஞ்ச நேரம் உங்கள் மலையையும் அதன் அடிவாரத்தையும் பற்றிப் பேச விரும்புகிறோம்.

"எங்க மலையப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?" என்று யாராவது மனதுக்குள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மலையில் மழை பெய்தால் இங்கே எங்கள் வயலுக்குத் தெரியும். அங்கே மண் சரிந்தால் இங்கே எங்கள் ஆற்றின் நிறம் மாறும். அப்படிப்பட்ட உறவு நமக்குள் இருக்கிறது. அந்த உறவின் பெயர் மகாவலி கங்கை.

பீலியிலிருந்து கழிமுகம் வரை

உங்கள் லயத்துக்குப் பக்கத்தில் பீலிக்கரை இருக்கும். மலை ஊற்றுத் தண்ணீர் அதில் விழும். குடம் நிறைந்ததும் மீதித் தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளைகள் என்றைக்காவது கேட்டிருக்கிறார்களா? அது கானில் இறங்கி ஓடையில் சேருகிறது. மாத்தளைப் பக்கத்து ஓடைகள் சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் விழுகின்றன. மலைக்கு மறுபக்கம், உன்னஸ்கிரிய, ரங்கலைப் பக்கத்துத் தண்ணீர் ஹுலு கங்கை வழியாக விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக வருகிறது. ஹட்டன் பக்கத்துத் தண்ணீருக்கு வேறொரு ஓயா. இவை எல்லாம் முன்னே பின்னே ஒன்றாகி மகாவலி ஆகின்றன.

மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். இலங்கையில் இதைவிட நீண்ட ஆறு இல்லை. இந்தத் தீவின் நிலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கில் பெய்கிற மழை இந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. கம்பளை, பேராதனை, கண்டி என்று மலைக்குள் சுற்றி, மினிப்பேயில் வடக்கே திரும்பி, மகியங்கனை, மனம்பிட்டி தாண்டி, மூதூர்ப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து போகிறது. நீங்கள் தரிசிக்கப் போகும் சித்திர வேலாயுதர் அந்த வெருகல் கரையில்தான் இருக்கிறார். ஆகையால் முருகனின் காலடியில் ஓடுவது உங்கள் ஊர்த் தண்ணீரும்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இடையில் மனிதன் போட்ட வழிகளும் உண்டு. 1976ஆம் ஆண்டு கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்து, உக்குவளை மின்நிலையம் வழியாகச் சுது கங்கைக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். அதற்குப் பிறகு கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று அணைகள் எழுந்தன. அண்மையில் அம்பன் கங்கையில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்தது. இவை புதிய வேலைகள். ஆனால் யோசனை பழையது. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் முன்பே எலஹெரயில் அம்பன் கங்கையை மறித்து, வாய்க்கால் வெட்டி, மின்னேரியாக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டு போனார்கள். பிற்காலத்தில் அந்த வாய்க்கால் எங்கள் மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் வரைக்கும் நீண்டது. கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்று நாங்கள் சொல்லுவோம். சிங்கள வரலாற்று நூல்கள் அக்கபோதி மன்னனைச் சொல்லும். யார் கட்டினாலும், தும்பறை மலையிலும் மாத்தளை மலையிலும் பெய்த மழைதான் அந்தக் குளத்துக்கு வந்து நிறைந்தது.

தும்பறை மலை

உங்கள் தோட்டங்களுக்குப் பின்னால் நிற்கும் மலைத்தொடரை வரைபடத்தில் நக்கிள்ஸ் என்று போட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்த வெள்ளைக்காரருக்கு அது மடித்த கைமுட்டி போலத் தெரிந்ததாம். அதனால் அந்தப் பெயர். சிங்களத்தில் தும்பர என்பார்கள், பனி மூடிய மலை என்று பொருள். உங்கள் பெரியவர்கள் தும்பறை என்று சொன்னது அதைத்தான்.

இந்த மலையில் மிக உயர்ந்தது கொம்பானியா சிகரம், 1906 மீற்றர். ஒரு மலைக்குள்ளே பல நாடு இருப்பது போல இங்கே ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு குணம். மேற்குப் பக்கம் தென்மேல் பருவக் காற்றில் நனையும். கிழக்குப் பக்கத்துக்கு மார்கழி மழைதான் பெரிய மழை. உச்சியில் காற்று அடிக்கிற அடியில் மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளராமல் குட்டையாகவே நிற்கும். கீழே இறங்க இறங்கத் தேயிலை, அதற்குக் கீழே மிளகு, கொக்கோ, இறப்பர், அப்புறம் வயல். ஒரே நாளில் நடந்து இறங்கினால் நாலு விதக் காலநிலையைக் காணலாம்.

2000ஆம் ஆண்டில் இதன் காட்டைப் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்தார்கள். 2010இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம், சிவனொளிபாத மலைக்காடு, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து நக்கிள்ஸ் மலையையும் உலக மரபுரிமைப் பட்டியலில் போட்டது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பணம் செலவழித்து வந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்த மலையின் மடியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்? உலகத்துக்குச் சொந்தம் என்று ஐக்கிய நாடுகளே எழுதி வைத்த மலையின் அடிவாரத்தில்தான் நீங்கள் பிரட்டுக்கு நிற்கிறீர்கள். அதை மறக்கக் கூடாது.

கரைக்கும் மலைக்கும் பழைய வழி

கண்டி இராச்சியம் இருந்த காலத்தில் எங்கள் கொட்டியாரம் அந்த மலை நாட்டுக்கு ஒரு துறைமுகமாக இருந்தது. தாவளம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பொதிமாட்டுக் கூட்டத்தைச் சொல்லுவது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் மலைக்கு ஏறின. மலையிலிருந்து பாக்கு முதலிய சரக்குகள் கரைக்கு இறங்கின. அடிவாரத்துக் காடுதான் இரண்டுக்கும் நடுவில் தங்குமிடம்.

இந்த வழியில் போன ஒருவருடைய கதை உலகம் எங்கும் தெரியும். 1660ஆம் ஆண்டில், புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் பழுதுபார்க்க எங்கள் குடாவுக்கு வந்தது. கப்பல் தலைவனையும் அவனுடைய மகன் றொபர்ட் நொக்ஸையும் வேறு சிலரையும் கண்டி அரசனின் ஆட்கள் மூதூர்ப் பக்கத்தில் பிடித்து மலைக்குக் கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்து போனார். மகன் பத்தொன்பது வருடம் மலைக் கிராமங்களில் இருந்தான். தொப்பி பின்னி விற்றான், ஊர் ஊராகச் சாமான் கொண்டு போய் வியாபாரம் செய்தான், மலைச்சனத்தின் பேச்சும் பழக்கமும் கற்றான். 1679இல் ஒரு கூட்டாளியோடு தப்பி, அடிவாரக் காட்டுக்குள் இறங்கி, மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டே நடந்து மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். ஊருக்குத் திரும்பி 1681இல் அவன் எழுதி வெளியிட்ட புத்தகம்தான் அந்தக் காலத்து மலைநாட்டைப் பற்றி இன்றைக்கும் எல்லோரும் எடுத்துப் பார்க்கிற புத்தகம். மூதூரில் அவர்கள் பிடிபட்ட இடம் என்று ஒரு புளியமரத்தடியில் கல் நாட்டி வைத்திருந்தார்கள்.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறோம்? ஒரு கைதி, தன் கண்ணால் கண்டதை எழுதி வைத்தான். முந்நூற்று நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அவன் பேச்சு நிற்கிறது. அந்த அடிவாரத்தில் அவனுக்குப் பிறகு இலட்சக்கணக்கில் நடந்தவர்கள் உங்கள் பாட்டன் பூட்டன்மார். அவர்கள் கண்டதை எழுதினவர்கள் மிகச் சிலர்.

நடந்து வந்த பாதை

1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கியது. காடு வெட்டவும் கோப்பி பறிக்கவும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிய கதையெல்லாம் பிறகு வந்தது. அதற்கு முன்னே கோப்பிக் காலத்திலேயே கண்டிச் சீமைக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது.

பாய்மர வள்ளத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீற்றர். பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பாதி வழி ஆள் இல்லாத காடு. குடிக்கத் தண்ணீர் கிடைப்பது கஷ்டம். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்குக் கல்லறை கிடையாது. நாலந்தை தாண்டி மலையின் தலை கண்ணுக்குத் தெரிந்ததும் உயிர் தப்பியவர்கள் கும்பிட்டிருப்பார்கள். மாத்தளை அவர்களுக்கு வாசற்படி. முத்துமாரி அம்மன் கோயில் அங்கே எழுந்ததும், மாசி மகத்துக்கு இன்றைக்கும் ஐந்து தேர் ஓடுவதும் அந்த வாசற்படியில்தான்.

கோப்பிக் காலத்தில் பலர் பறிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அந்த நோய் பரவிக் கோப்பி அழிந்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். பிறகு மலையெங்கும் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேணும், அதனால் குடும்பம் குடும்பமாகத் தங்க வேண்டி வந்தது. லயம் வந்தது, கோயில் வந்தது, பிள்ளைமடுவம் வந்தது, சுடலையும் வந்தது. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலும் இணைந்த பிறகு அந்தக் கால்நடைப் பாதை மெல்ல மெல்ல மறதியில் போய்விட்டது.

2023இல், இருநூறு வருடம் ஆனதை நினைந்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வரை மலையக மக்களும் ஏனைய இனத்தவரும் அதே வழியில் நடந்தார்கள். உங்களில் சிலரும் அதில் நடந்தீர்கள் என்று அறிந்து சந்தோஷப்பட்டோம். பாதை மறக்கப்படவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

தோட்டம் பெற்றெடுத்தவை

முதுசம் என்றால் அரண்மனையும் கோட்டையும் மட்டும் அல்ல. உங்களிடம் இருப்பவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

தோட்டத்துச் சாமிகள். மாரியம்மனும் முனியாண்டியும் ஊரிலிருந்து கூட வந்தவர்கள். ஆனால் ரோதை முனி எங்கிருந்து வந்தார்? ஸ்டோரில் பெரிய சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகு, கை கால் அகப்படாமல் காக்கச் சொல்லி நீங்கள் உண்டாக்கிய காவல் தெய்வம் அவர். கவ்வாத்துச் சாமி, கத்தி பிடிக்கிறவர்களின் தெய்வம். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத தெய்வங்கள் இவை. உங்கள் உழைப்பிலிருந்து பிறந்தவை.

கூத்துகள். மாசி மாதம் காமன் கூத்து, பிறகு அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். எங்கள் கரையில் நாட்டுக்கூத்து ஆடுகிற அண்ணாவிமார் உங்கள் காமன் கூத்தைப் பார்த்தால் இரவு முழுக்க எழும்பிப் போக மாட்டார்கள். இரண்டுக்கும் அவ்வளவு உறவு.

பாட்டுகள். மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகப் போய்த் தோட்டத்துப் பாட்டுகளைக் கேட்டு எழுதித் தொகுத்தார். அவர் எழுதியிராவிட்டால் அதில் முக்கால்வாசி பாடினவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். ஆனாலும் அவர் போகாத தோட்டங்கள் எத்தனை! உங்கள் தோட்டத்து ஆத்தாமார் நெஞ்சில் இன்னமும் சில பாட்டுகள் இருக்கும்.

மலைகளின் பெயர்கள். செக்ரோலில் நம்பர் இருக்கும், ஐந்தாம் நம்பர், எட்டாம் நம்பர் என்று. ஆனால் உங்கள் வாயில் அதற்கு வேறு பெயர். பாறை மலை, ஆலமரத்து மலை, இன்னார் விழுந்த பள்ளம், இன்னார் கண்ட ஊற்று. அந்தப் பெயர் ஒன்றும் எந்த வரைபடத்திலும் கிடையாது. தேயிலை அழிந்து மானாப்புல் மூடினால் பெயரும் மூடிப்போகும்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கான் வெட்டு. யாரும் இதை முதுசம் என்று சொல்வதில்லை. நாங்கள் சொல்லுகிறோம், ஏனென்றால் ஆற்றின் கடைசியில் இருக்கிறவர்கள் நாங்கள்.

மண் ஓடினால்

கோப்பிக்காக மலைக்காட்டை வெட்டியபோது சரிவு மண் மொட்டையாக நின்றது. மழைக்கு அது கரைந்து ஓடத் தொடங்கியது. அதைத் தடுக்கத்தான் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டினார்கள். கானுக்குள்ளே இடைவிட்டு இடைவிட்டுத் தடுப்பு வைத்தால், ஓடுகிற தண்ணீர் நின்று நிதானித்துப் போகும், மண் குழிக்குள் தங்கும். தங்கிய மண்ணை அள்ளி மறுபடி தேயிலைத் தூருக்குப் போடுவது உங்கள் ஆட்கள் பரம்பரையாகச் செய்த வேலை. கல்லடுக்கி வைத்த வரம்பு, முள்முருங்கையும் கிளரிசீடியாவும் நட்ட வரிசை, கவ்வாத்து மிலாறை மண்ணுக்கு மூடுகையாகப் போடுவது, இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த மலையை நிறுத்தி வைத்திருக்கின்றன. இருநூறு வருட உழைப்பு அந்தச் சரிவில் படிந்திருக்கிறது.

கான் தூர்ந்தால் என்ன ஆகும்? மண் ஓடைக்கு வரும். ஓடையிலிருந்து ஆற்றுக்கு. பொல்கொல்லைத் தேக்கம் கட்டிச் சில வருடங்களிலேயே வண்டல் நிறைந்து பெரும் பங்கு இடத்தை இழந்தது. தேக்கத்தில் மண் நிறைந்தால் தண்ணீருக்கு இடம் இல்லை. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் கீழே வந்துவிடும், கோடையில் வயலுக்கு இல்லாமற் போகும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாம் எல்லோரும் இதைக் கண்டோம். மலையகத்தில் மண் சரிந்து லயங்களும் வீடுகளும் புதைந்தன. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. உங்களில் துக்கம் கண்ட வீடுகளும் இருக்கின்றன, அவர்களுக்கு எங்கள் ஆறுதலை மறுபடி ஒருமுறை சொல்லிக்கொள்கிறோம். அதே நாட்களில் மகாவலி இங்கே கரையை மீறியது. மாவிலாற்றுப் பக்கம் கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கத்துச் சனம் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. மலையில் ஒரு இழவு, கரையில் ஒரு இழவு. இரண்டுக்கும் ஒரே மழை.

அப்படிப்பட்ட புயலைக் கான் மட்டும் தடுத்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மலை எங்கே சரியும் என்று பார்த்துச் சொல்ல விஞ்ஞானம் படித்தவர்கள் வேண்டும். ஆபத்தான சரிவில் இருக்கிற லயங்களை மாற்ற அதிகாரிகள் வேண்டும். ஆனால் எந்த மலையில் எந்த ஊற்று எப்போது கலங்கும், எந்தப் பாறைக்குக் கீழே முன்னொரு காலம் மண் இறங்கியது, எந்தக் கான் எந்த ஓடைக்குப் போகும் என்பது உங்கள் கங்காணிமாருக்கும் கொழுந்து ஆத்தாமாருக்கும் தெரிந்த அளவுக்கு வேறு ஆருக்கும் தெரியாது. அந்த அறிவு எழுத்தில் இருந்தால் படித்தவர்களுக்கும் உதவும், உயிரையும் காக்கும்.

எழுத்து ஏன் வேண்டும்

1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது என்று உங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே, பாட்டன் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. மூன்று தலைமுறை அந்த மலையில் வாழ்ந்து, அந்த மண்ணிலேயே புதைந்தவர்களின் பிள்ளைகளிடம் காட்டுவதற்குக் கடுதாசி இருக்கவில்லை. பிறகு 1964இல் இரண்டு அரசாங்கங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தன. எத்தனை குடும்பங்கள் மண்டபத்தில் அழுதுகொண்டு இறங்கின! 2003இல் வந்த சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற பெயர் பெரும்பாலும் தீர்ந்தது. வாழ்க்கை இருந்தும் எழுத்து இல்லாததால் வந்த கஷ்டத்தை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1977இலும் 1983இலும் கலவரத்துக்குத் தப்பி மலையை விட்டு வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எங்கள் திருகோணமலை மாவட்டத்திலும் குடியேறினார்கள். அவர்கள் கையில் கொண்டு வந்தது கொஞ்சம். ஆனால் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லுவார்கள். 2006இல் யுத்தம் மூண்டபோது இந்தப் பக்கத்துச் சனமும் உடுத்த உடையோடு வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடினது. சம்பூர் மக்களில் பலர் பத்து வருடத்துக்குக் கிட்டக் கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் முகாம்களில் இருந்தார்கள். திரும்பிப் போனபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. காணிக் கடுதாசியைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் சுகம். மற்றவர்களுக்கு ஊர்க் கிழவிமாரின் நினைவுதான் சாட்சி. இந்தக் கிணறு இன்னாரது, இந்த மரத்துக்கு இங்காலே இன்னாருடைய வளவு என்று அவர்கள் சொன்னதை வைத்துத்தான் பல வேலி மறுபடி போட்டோம்.

உங்கள் பக்கம் இப்போது யுத்தம் இல்லை. ஆனால் வேறு விதமாக மாறிக்கொண்டிருக்கிறது. சில மலைகள் கைவிடப்பட்டுக் காடாகின்றன. இளம்பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறார்கள், அது நல்ல விஷயம், நாங்களும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் லயம் இடிபடும்போது அதில் யார் எந்தக் காம்பராவில் எத்தனை தலைமுறை இருந்தார்கள் என்ற கதையும் சேர்ந்து இடிபடக் கூடாது. நாளைக்குக் காணி உறுதி கேட்கிறபோதும், பாதை கேட்கிறபோதும், கோயில் நிலம் கேட்கிறபோதும் அந்தக் கதைதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

செய்யக்கூடிய சில காரியங்கள்

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். நாங்கள் முகாமிலிருந்து திரும்பின பிறகு எங்கள் ஊரில் செய்ததிலிருந்து சொல்லுகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு டிவிசனிலும் வயதான நாலு பேரையாவது உட்கார வைத்துக் கேளுங்கள். முதல் வந்த பாட்டன் பெயர், ஊர், எந்த வழியாக வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் இருந்தார் என்று எழுதுங்கள். அவர்கள் சொல்லுகிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பிள்ளைகளிடம் கைத்தொலைபேசி இருக்கிறது, குரலையும் பதிந்து வையுங்கள்.

இரண்டாவது, ஒரு படம் கீறுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் கீறட்டும். மலைகளின் பெயர், ஊற்று, பீலி, ஓடை, கோயில், சுடலை, பழைய ஒற்றையடிப் பாதை எல்லாம் அதில் வரட்டும். மண் இறங்கின இடங்களையும் வருடத்தோடு குறியுங்கள்.

மூன்றாவது, கடுதாசிகளைக் காப்பாற்றுங்கள். பிறப்புப் பத்திரம், பழைய துண்டு, தொழிற்சங்கச் சந்தாப் புத்தகம், பழைய படம், எதையும் அடுப்பில் போடாதீர்கள். பொலித்தீன் பையில் போட்டு நனையாத இடத்தில் வையுங்கள்.

நாலாவது, ஓடைக்கரையில் மரம் இருக்கட்டும். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் தண்ணீர் விளிம்பு வரைக்கும் மண்ணைக் கிளற வேண்டாம். புது வீட்டுக்கு மண் வெட்டுகிறபோது கழிவுத் தண்ணீருக்குக் கான் எங்கே போகும் என்று முதலில் பாருங்கள். சரிவில் புதிதாக வெடிப்புக் கண்டாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, மரம் சாய்ந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள், பிறகு அறிவியுங்கள்.

ஐந்தாவது, கூத்தையும் பாட்டையும் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. காமன் கூத்தில் ஒரு வேஷம் கட்டின பிள்ளை, தன் தோட்டத்தை ஒருநாளும் மறக்காது.

இதையெல்லாம் செய்து முடிக்க ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். முடிந்ததும் அந்தக் கொப்பியில் ஒரு பிரதி எங்களுக்கும் அனுப்புங்கள். அதை எங்கள் நூல்நிலையத்தில் வைப்போம். எங்கள் ஊரைப் பற்றி நாங்கள் எழுதியதில் ஒரு பிரதியை இன்றைக்கே உங்கள் கையில் தருகிறோம். தண்ணீர் மேலிருந்து கீழே மட்டும்தான் ஓடும். எழுத்து இரண்டு பக்கமும் போகலாம்.

சாப்பாடு ஆயத்தமாக இருக்கிறது. எங்கள் வயலரிசிச் சோறும் கடல்மீன் குழம்பும். விரதம் பிடிக்கிறவர்களுக்கு வேறாகச் சமைத்திருக்கிறோம். சாப்பிட்டுக் களைப்பாறி, வெயில் தணிந்ததும் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவோம். அம்மன் துணையாலும் முருகன் அருளாலும் உங்கள் மலை நிலைக்கட்டும், எங்கள் ஆறு தெளியட்டும்.